சுகாந்தி கையில் இருந்த மணி

உட்காருங்கக்கா, இடம் காலிதான். ஜன்னலோரம் இருந்த வேட்டிக்காரர் தானா எந்திரிச்சுப் போகலை, நான்தான் போக வச்சேன். கண்டக்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்ன நேரம் பார்த்து, அவரை மாதிரியே மூக்கால, 'கொடுவாய் இறங்கறவங்க முன்னாடி வா, முன்னாடி வா, அப்புறம் நிறுத்தலைன்னு என்னைய வையக் கூடாது' அப்படின்னேன். விழுந்தடிச்சு ஓடினார். கொடுவாய் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு. அதோ பாருங்க, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கண்டக்டரை முறைக்கிறார். கண்டக்டர் திருப்பி முறைக்கிறார். எதுக்கு முறைக்கிறோம்னு ரெண்டு பேருக்கும் தெரியலை.

சிரிக்கிறீங்க. அப்போ பரவாயில்லை. சிரிக்காத ஆள் பக்கத்துல என்னால பத்து நிமிஷம் உட்கார முடியாது.

பையை மடியிலேயே வச்சுக்கிறேன், கீழே வைக்கக் கூடாது. உள்ளே சாமி மணி இருக்கு. பித்தளை, கைமணி. அப்படிப் பார்க்காதீங்க, திருடலை. திருப்பூர் ஸ்டேஷன்ல ஒருத்தி ரயிலுக்கு உட்கார்ந்திருப்பா, அவ மூஞ்சியில இதை விட்டெறிஞ்சுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன். பன்னெண்டரைக்கு ரயில். இப்போ நேரம் என்னக்கா? பதினொண்ணேகாலா. போயிடலாம் இல்ல? கோவில்வழியில இறங்கி வேற பஸ் மாறணுமா? சரி சரி.

நான் ஜெபக்கனி. ஊர் விளாத்திகுளம் பக்கம். இங்கே மில்லுல ரெண்டு வருஷமா ரிங் பிரேம்ல இருக்கேன். நூல் அறுந்தா ஓடிப் போய் முடிச்சுப் போடற வேலை. எட்டு மணி நேரம் நூல் அறுந்துக்கிட்டே இருக்கும், நாம ஓடிக்கிட்டே இருக்கணும். என் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க, ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. யாரை ஒரு தடவை கேட்டாலும் அவங்க குரல் எனக்கு வந்துடும். எங்க வார்டன் பூவாத்தா அம்மா குரல்ல ஒரு நாள் விடியக்காலம் அஞ்சு மணிக்கு, 'ஏம் புள்ளைகளா, இன்னைக்கி மில்லு லீவு, நல்லாத் தூங்குங்கோ'ன்னு கதவுக்கு வெளியே நின்னு சொன்னேன். முப்பது பேர் தூங்கிட்டாங்க. ஷிப்ட்ல ஆள் இல்லை. மூணு நாள் விசாரணை நடந்துச்சு. கடைசியில பூவாத்தா அம்மாவுக்கே சந்தேகம் வந்துடுச்சு, தூக்கத்துல தானே சொல்லியிருப்போமோன்னு.

அந்த மில்லுல இருக்கிறது மூணே வகை ஆளுங்கதான். முட்டாள், பயந்தாங்கொள்ளி, அப்புறம் செங்கோட்டுவேல் சார். அவர் வெல்ஃபேர் ஆபீசர். நாங்க நல்லா இருக்கோம்னு பேப்பர்ல எழுதறது அவர் வேலை. பேச ஆரம்பிச்சா பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'இதுல ஒரு பாயிண்ட் என்னன்னாங்க' அப்படிம்பார். ஒரு நாளும் அந்தப் பாயிண்ட் வந்ததில்லை.

வருஷா வருஷம் ஆண்டு விழா நடக்கும். போன வருஷம் நான் தமிழ்ல மிமிக்ரி பண்ணேன். தமிழ்ப் பிள்ளைங்க சிரிச்சாங்க. ஆனா ஹாஸ்டல்ல பாதிக்கு மேலே ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைங்க. இந்த வருஷம் துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனியில இருந்து மில்லைப் பார்க்க ஆள் வர்றாங்க. செங்கோட்டுவேல் சார் போன வருஷத்துப் போட்டோவை மேஜையில பரப்பி வச்சுக்கிட்டு, 'வடக்கத்திப் புள்ளைங்க எல்லாம் பல்வலி வந்த மாதிரி உட்கார்ந்திருக்குதுங்க. இந்த வருஷம் சிரிக்கணும். நீ இந்தியில பண்ணு' அப்படின்னார். மைக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா நின்னு பேசறாங்களே, போன்ல எல்லாம் வருதே, ஸ்டாண்டப், அந்த மாதிரி.

எனக்கு எப்படி இந்தின்னு கேட்கறீங்களா? சுகாந்திகிட்ட இருந்து. இப்போ ரயிலுக்கு உட்கார்ந்திருக்காளே, அவதான். என் பக்கத்துக் கட்டில், என் பக்கத்து மெஷின். இருபத்துநாலு வயசு. ஒடிசாவுல டிட்லாகர்ங்கிற ஊர்ப் பக்கம். அவளுக்கே அது சொந்த பாஷை இல்லைக்கா. வீட்டுல பேசறது ஒடியா. இந்தி அவ சூரத் மில்லுல வேலை பார்த்தப்போ ஒட்டிக்கிட்டது. ஒருத்தி போட்டுப் பழசான சட்டையைத்தான் நான் வாங்கிப் போட்டிருக்கேன். மெஷின் சத்தத்துல காதுக்குள்ளே வாயை வச்சுச் சொல்லிக் குடுப்பா. மொத்தமா எனக்கு இருநூறு வார்த்தை தெரியும். நூல், பாபின், சோறு, தலைவலி, லீவு. தமிழ்ல ஒரு ஜோக்கை நான் ஊரெல்லாம் சுத்திக் கூட்டிட்டு வருவேன். இந்தியில சுத்தறதுக்கு வார்த்தை இல்லை. நேராப் போய் மண்டையில அடிக்கணும்.

பதினொரு ஜோக் தயார் பண்ணேன். செங்கோட்டுவேல் சாருக்கு இந்தி தெரியாது, அதனால முதல்ல தமிழ்ல எழுதிக் காட்டணும்னு உத்தரவு. ஆபீஸ்ல அவரும் பூவாத்தா அம்மாவும் உட்கார்ந்திருக்காங்க. பின்னாடி சுவர்ல பிள்ளையார் படம், அலமாரி, அதுல இந்த மணி. அவர் கையில பச்சை மசிப் பேனா.

முதல் ஜோக் பாத்ரூம் டோக்கன். எங்களுக்கு பாத்ரூம் போறதுக்கு லைனுக்கு ஒரு டோக்கன்க்கா, நாற்பது பேருக்கு ஒண்ணு. அது கையில இருந்தாதான் போகலாம். நான் எழுதியிருந்தேன்: 'இந்த மில்லுல ரொம்ப உழைக்கிறது யாரு? டோக்கன். நமக்காவது எட்டு மணி நேரம். அது மூணு ஷிப்டும் பார்க்குது, ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. சிறந்த தொழிலாளி பரிசை அதுக்குக் குடுங்க.' அவர் வாசிச்சார். 'இதுல ஒரு பாயிண்ட் என்னன்னாங்க, டோக்கன்ங்கறது நிர்வாக விஷயம்' அப்படின்னு ஒரே கோடு.

அடுத்தது சோப்பு. வெளியாள் மில்லைப் பார்க்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் எங்க குழாய்ப் பக்கம் சோப்பு இருக்கும். அதை நான் வைகுண்ட ஏகாதசிக்குக் கதவு திறக்கிற மாதிரி எழுதியிருந்தேன். வருஷத்துல ஒரு நாள், விடியக்காலையில இருந்து வரிசை, தூரத்துல நின்னு கும்பிட்டுட்டு வந்துடணும், தொடக் கூடாது. அவர் முகம் மாறிடுச்சு. 'சாமி விஷயம். மனசு புண்படும்' அப்படின்னார். பெருமாள் மனசா, சோப்பு மனசான்னு கேட்டேன். யோசிச்சுப் பார்த்துட்டு, ரெண்டும்தான்னார். கோடு.

மூணாவது போன் ஜோக். போனை எல்லாம் வார்டன் வாங்கி வச்சுக்குவாங்க, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் குடுப்பாங்க. யார்கிட்ட பேசினோம்னு பார்ப்பாங்க. அதனால ஹாஸ்டல்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் அண்ணன்தான். அண்ணன் ஒண்ணு, அண்ணன் ரெண்டு, அண்ணன் புதுசு. அதை வாசிச்சதும் பூவாத்தா அம்மா, 'அண்ணன்னா அண்ணந்தான், இதுல சிரிக்கறதுக்கு என்ன கெடக்குது புள்ள' அப்படின்னாங்க. அவங்களுக்கு நிஜமாவே புரியலைக்கா. கோடு.

இப்படியே போய் மிச்சம் ரெண்டு. ஒண்ணு கொசு ஜோக், இன்னொன்னு தோசை ஜோக். ரெண்டும் நானே வெட்டிப் போடணும்னு நினைச்சிருந்தது. அதோட விடலை. அவரே ஒண்ணு எழுதிக் குடுத்தார். கேளுங்க. ஒரு பஞ்சு இன்னொரு பஞ்சைக் கேட்டுச்சாம், எங்கே போறேன்னு. அது சொல்லுச்சாம், மாஸ்க் போடாத பொண்ணு மூக்குக்குள்ளே போறேன்னு. அதுக்குக் கீழே அடைப்புக்குறி போட்டு, பலத்த சிரிப்பு, அப்படின்னு எழுதியிருந்தார். வாசிச்சுக் காட்டிட்டு அவரே பலத்த சிரிப்பு சிரிச்சார். பூவாத்தா அம்மாவும் சிரிச்சாங்க. நான் இருமினேன்.

மாஸ்க்கா? சோப்பு வர்ற அன்னிக்கு அதுவும் வரும்.

அப்போதான் பூவாத்தா அம்மாவுக்கு வாழ்க்கையில முதல் தடவையா ஒரு யோசனை வந்துச்சு. 'ஏனுங் சார், இவ மேடையேறி இந்தியில வேற ஏதாச்சும் பேசிப்போட்டா நமக்கு எப்படித் தெரியும்?' அவர் பேனாவை மூடி வச்சுட்டு யோசிச்சார். அந்த நேரம் பார்த்து வாசல்ல வந்து நிக்கிறா சுகாந்தி, கையில லீவு பேப்பரோட. அந்த மாசத்துல மூணாவது தடவை.

அவ லீவுக் கதையைச் சொல்லணும். அவங்க ஊர்ல நுவாகாய்னு ஒரு விசேஷம். ஆவணி, புரட்டாசி வாக்குல வரும். புது நெல்லு அரிசியை சாமிக்கு வச்சுட்டு, வீட்டு ஆளுங்க எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து முதல் வாய் சாப்பிடணும். எங்கே இருந்தாலும் அன்னிக்கு வீட்டுக்கு வந்துடணும். ஒரு வாய் அரிசிக்கா ரெண்டு நாள் ரயில்னு கேட்டேன். ஆமான்னா. ரெண்டு வருஷமா போகலையாம். நாலு வயசுல ஒரு பொண்ணு இருக்கு, அவ அம்மா வளர்க்கிறாங்க. போன நுவாகாய்க்கு அந்தப் பிள்ளை, அம்மா வராம சாப்பிட மாட்டேன்னு வாயைத் திறக்கலையாம். அதை நூறு தடவை சொல்லியிருப்பா. நூறு தடவையும் ஒரே மாதிரி சொல்லுவா, ஒரு ஏத்த இறக்கம் கிடையாது. கதை சொல்லத் தெரியாத ஜென்மம்.

செங்கோட்டுவேல் சார் அவளைப் பார்த்ததும் நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழும் தெரியும், இந்தியும் தெரியும், வாயைத் திறக்க மாட்டா, லீவு வேணும். இதை விட என்ன வேணும்? என் பேப்பர்ல மிச்சம் இருந்த மூணையும் அவளுக்கு ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டினார், சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. எந்திரிச்சு அலமாரியில இருந்து இந்த மணியை எடுத்தார்.

'முன்வரிசை ஓரமா உட்காரு. இந்தப் பேப்பர்ல இல்லாதது ஒரு வார்த்தை அவ பேசினாலும் மணியை அடிச்சுப் போடு. எலெக்ட்ரீஷியன் மைக்கை நிறுத்திருவான். சரியாப் பார்த்தீன்னா அடுத்த நாளே பதினஞ்சு நாள் லீவு. ஏமாத்துனீன்னா லீவும் இல்லை, வேலையும் இல்லை.'

ரெண்டு கையாலயும் வாங்கினா. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்கு வந்துச்சே ஒரு எரிச்சல். என்னைக் காட்டிக் குடுக்கறதுக்குக் குடுக்கிற மணி, அதைக் கும்பிட்டு வாங்குறா.

கட்டிலுக்கு வந்ததும் கேட்டேன், 'தீதி, அடிப்பியா?' இந்தியில அக்கான்னு அர்த்தம். அவ மணியை ஒரு துண்டுல சுத்திக்கிட்டே, 'நீ பேப்பர்ல இருக்கிறதையே பேசு, கனி' அப்படின்னா. அவ்வளவுதான். என்னை எல்லாரும் ரேடியோங்கிறப்போ அவ மட்டும்தான் கனின்னு கூப்பிடுவா. அதுக்காக விட்டுட முடியுமா? நான் பதினொண்ணையும் பேசறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவ அடிச்சா அடிக்கட்டும், மைக் போனா என் தொண்டை இருக்கு. அவ லீவு போனா போகட்டும், அரிசி எங்கேயும் ஓடிப் போகாது. அப்படித்தான் நினைச்சேன். இதுல தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க.

விழா மத்தியானம். நூல் கோன் அடுக்கி வைக்கிற குடோனைக் காலி பண்ணி, சீரியல் லைட் கட்டி, நாற்காலி போட்டிருந்தாங்க. காலையிலேயே சோப்பு வந்துடுச்சு, மாஸ்க்கும் வந்துடுச்சு. முன்வரிசையில வெள்ளைக்காரர் ஒருத்தர், பக்கத்துல சேலை கட்டின ஒரு அம்மா, டெல்லி ஆபீஸ்ல இருந்து வந்தவங்க. செங்கோட்டுவேல் சார் காலையில இருந்து அந்த அம்மாகிட்ட இங்கிலீஷ்ல பேசிப் பேசி வேர்த்துப் போயிருந்தார். இந்த இடத்தைக் கவனிங்கக்கா. அவர் மூளையில இங்கிலீஷ்ங்கறது நாற்காலியில உட்கார்றவங்க பாஷை. இந்திங்கறது ஹாஸ்டல் பிள்ளைங்க பாஷை. டெல்லியில இருந்து வந்த அம்மாவுக்கு இந்தி தெரிஞ்சிருக்கும்னு அந்த மனுஷனுக்குத் தோணவே இல்லை. சுகாந்தி கையில மணியைக் குடுத்தவர், அந்த அம்மாவை மைக்குக்கு நேர் எதிர்ல உட்கார வச்சிருக்கார்.

மேடை ஏறினேன். முதல்ல கொசு. ஒருத்தி சிரிக்கலை. அப்புறம் சாரோட பஞ்சு ஜோக்கை அப்படியே இந்தியில சொன்னேன். பின்வரிசையில நாலஞ்சு பேர் இருமினாங்க, அவ்வளவுதான் பலத்த சிரிப்பு. ஓரத்துல பார்த்தேன். சுகாந்தி மடியில மணி, அது மேலே ரெண்டு கையும். சரின்னு மூச்சை இழுத்துக்கிட்டு டோக்கனை எடுத்தேன்.

குடோன் அதிர்ந்துச்சுக்கா. இருநூறு பிள்ளைங்க. டோக்கன் பரிசு வாங்க மேடைக்கு வருது, தளர்ந்து போய் நடக்குது, மாலை போட்டா, 'சீக்கிரம் விடுங்க, வெளியே ஒருத்தி காத்திருக்கா'ங்குது. அதுக்கு ஒரு கிழட்டுக் குரல் வச்சிருந்தேன். ஒருத்தி நாற்காலியில இருந்து விழுந்துட்டா. செங்கோட்டுவேல் சார் மணி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். சத்தம் இல்லை. உடனே அவரும் சிரிச்சார். சிரிச்சதோட நிக்கலை, டெல்லி அம்மா பக்கம் சாய்ஞ்சு இங்கிலீஷ்ல விளக்கம் சொல்றார், 'மஸ்கிட்டோ காமெடி மேடம், மஸ்கிட்டோ.' அந்த அம்மா தலையாட்டிக்கிட்டே நோட்டுல எழுதினாங்க.

அப்புறம் சோப்பு. அதை மட்டும் கொஞ்சம் மாத்தியிருந்தேன். வைகுண்ட ஏகாதசி வடக்கத்திப் பிள்ளைங்களுக்குப் புரியாது, ஜகந்நாதர் தேர்னு சொல்லுன்னு சுகாந்திதான் சொன்னா, ஒரு மாசம் முன்னாடி, பாபின் வண்டியைத் தள்ளிக்கிட்டே. வருஷத்துக்கு ஒரு தடவை சோப்பு தேர்ல ஏறி வெளியே வரும், நாம எல்லாரும் கயிறு பிடிச்சு இழுக்கணும், சாயங்காலம் திரும்பக் கோயிலுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கும். ஒரு வார்த்தை மாத்திக் குடுத்தா, அது பெரிய உதவியா என்ன? ஜோக் என்னுதுதான். ஒடிசாப் பிள்ளைங்க எந்திரிச்சு நின்னு கயிறு இழுக்கற மாதிரி ஆடினாங்க. மணி அடிக்கலை.

பூவாத்தா அம்மா குரல், அண்ணன் ஒண்ணு, அண்ணன் ரெண்டு. மணி அடிக்கலை. பதினொண்ணும் முடிஞ்சுது. எனக்குக் கீழே இறங்க மனசில்லை. கை தட்டுறாங்க, இன்னும் இன்னும்னு கத்தறாங்க. அப்போ எங்கே இருந்தோ அது என் வாய்க்குள்ளே வந்துச்சு. எழுதி வைக்கவே இல்லை, சத்தியமா. சுகாந்தி அவ பிள்ளைகிட்ட போன்ல பேசறது.

கையைக் காதுல வச்சேன். அவ மாதிரியே குரலைத் தாழ்த்தி, ஏத்தம் இல்லை இறக்கம் இல்லை. 'சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? சோறா? சோத்துக்கு என்ன? சும்மா சோறா? பாட்டி அடிச்சாளா? அழுதியா? சாப்பிட்டியா? ஆமா, அப்பவே கேட்டேன் இல்ல. இப்போ என்ன பண்றே? போனைப் பார்க்கிறியா? போன்ல நான் இல்லை. சத்தம்தான் வரும். சரி. சாப்பிட்டியா?' அவ ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரமும் இதேதான் கேட்பா. நான் மூணு நிமிஷத்துல முடிச்சேன்.

அதுக்குத்தான் அன்னிக்குப் பெரிய சிரிப்பு. எப்படின்னா, சத்தமே வராம சிரிச்சாங்க. அவ்வளவு சிரிப்பு. இருநூறு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, தோள் மட்டும் குலுங்குது. கண்ணுல இருந்து தண்ணியாக் கொட்டுது, ஷாலால துடைக்கிறாங்க. டெல்லி அம்மா எழுதறதை நிறுத்திட்டுக் கண்ணாடியைக் கழட்டினாங்க. அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் என் வாழ்க்கையில வாங்கினதில்லைக்கா. சுகாந்தி மட்டும்தான் சிரிக்கலை. மணியைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா, மரக்கட்டை மாதிரி. தன்னைப் பத்தின ஜோக்குக்கே சிரிக்கத் தெரியலை, பாருங்க.

அப்புறம் கூத்து ஆரம்பம். விழா முடிஞ்சதும் டெல்லி அம்மா நேரா ஹாஸ்டல் பிள்ளைங்ககிட்ட போய், சுத்தமான இந்தியில, அந்த டோக்கன் எங்கே, காட்டுங்கன்னு கேட்டாங்க. செங்கோட்டுவேல் சார் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும். கையில பேனாவைத் தூக்கிப் பிடிச்சவர் இறக்கவே இல்லை. அன்னிக்கும் பாயிண்ட் வரலை. டோக்கனைப் பார்த்தாங்க, போன் வைக்கிற அலமாரியைப் பார்த்தாங்க. போறப்போ என் தோள்ல கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, என் பேரை நோட்டுல எழுதிக்கிட்டாங்க. இனி என்னை யார் தொட முடியும்? இப்போ லைனுக்கு டோக்கன் ரெண்டு, தெரியுமா? சோப்புக் கட்டி தினம் இருக்கு, கயிறு கட்டித் தொங்க விட்டிருக்காங்க. எல்லாம் என்னாலதான்.

மறுநாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. நானும் சுகாந்தியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவகிட்டதான்.

'ஏன் மணி அடிக்கலை?'

அவ தரையைப் பார்த்துக்கிட்டே, 'எல்லாம் பேப்பர்ல இருந்ததுதான் சார்' அப்படின்னா.

'எது? டோக்கனா? நான் பச்சை மசியில அடிச்சதா?'

'நீங்க படிச்சுச் சொன்னதுதான் சார். எல்லாம் அதான். நான் கேட்டேன்.'

இப்படி ஒரு அசட்டுப் பொய்யை யாராவது சொல்லுவாங்களா? தமிழ் எழுத்துல ஒண்ணு தெரியாது அவளுக்கு, இதுல பேப்பரைப் பத்தி வாதம் பண்றா. அவர் அப்போதான் என் பக்கம் திரும்பினார். 'நீ சொல்லு. எல்லாம் பேப்பர்ல இருந்துச்சா?'

நான் என்னக்கா சொல்லணும்? அவ சொன்னதுக்கு ஆமா போட்டா, பொய் என் தலையில வரும். பேரை எழுதிக்கிட்டாங்க, போட்டோ எடுத்துக்கிட்டாங்க, எல்லாம் சரிதான், ஆனா வேலை வேணும் இல்ல. 'எனக்குத் தெரியாது சார். மணி அவ கையிலதானே இருந்துச்சு' அப்படின்னேன். உண்மைதானே அது? மணி அவ கையிலதான் இருந்துச்சு. இல்லைன்னு யார் சொல்ல முடியும்?

சுகாந்தி தரையையே பார்த்துக்கிட்டு நின்னா. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. லீவு பேப்பரை அவர் ரெண்டாக் கிழிச்சார், மூணு தடவை குடுத்திருந்தது மூணையும். மணியை அலமாரியில வச்சுடு, இந்த மாசத்தோட கணக்கு முடிச்சுக்கோன்னார். அவ மாசம் முடியற வரைக்கும் காத்திருக்கலை. நுவாகாய் இன்னும் நாலு நாள்ல வருது. இன்னிக்குக் காலையில நான் ஷிப்ட் முடிச்சு வந்து பார்க்கிறேன், கட்டில் காலி. பாய் சுருட்டி வச்சிருக்கு. பெட்டி இல்லை. அவங்க ஊர் ரயில் பன்னெண்டரைக்குன்னு அவ சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம். என் டிரங்குப் பெட்டி மேலே இந்த மணி.

ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம் இல்ல? என்னை நாலு வார்த்தை திட்டிட்டாவது போகலாம். பேசறதுக்குத்தான் அவளுக்கு வராதே.

இதைக் கொண்டு போய் அலமாரியில வைக்கச் சொல்றாளாம், நான் என்ன அவளுக்கு வேலைக்காரியா? சரி வச்சுத் தொலைப்போம்னு எடுத்தேன். எடுத்தா யாருக்குத்தான் கை சும்மா இருக்கும், ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரலை. மறுபடி ஆட்டினேன். வரலை. கவிழ்த்துப் பார்த்தா, இருங்க, காட்டறேன். உள்ளே பாருங்க. தெரியுதா? நாக்கைச் சுத்தி நூல். சும்மா நாலு சுத்து இல்லை, பாபின் கணக்கா நெருக்கமாச் சுத்தி, முடிச்சுப் போட்டிருக்கா. எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் தொப்பு தொப்புன்னுதான் கேட்கும்.

நூல் என்ன கலர்னு பாருங்க. ரோஸ். எங்க மில்லுல நூல் வெள்ளைதான். வேற ரகத்தோட கலந்துடக் கூடாதுன்னு அடையாளத்துக்கு எப்பவாவது ஒரு நாள் ரோஸ் சாயம் தொட்டு ஓட்டுவாங்க. கடைசியா ஓட்டினது விழாவுக்கு முந்தின நாள், மிச்சத்தை அன்னிக்கே அள்ளிட்டுப் போயிட்டாங்க. அப்போன்னா இதை முந்தின நாளே சுத்தியிருக்கா. நான் பேசறதுக்கு முன்னாடியே. நான் என்ன பேசப் போறேன், எவ்வளவு பேசப் போறேன், யாரைப் பத்திப் பேசப் போறேன், எதுவும் தெரியாது அவளுக்கு. அதுக்குள்ளே இப்படி. மணி அடிக்கிறது ஒரு வேலை, அதுக்குக் கூட சோம்பேறித்தனம், பாருங்க. இவ லீவுக்கு அலைஞ்சவளாம்.

அதைக் கேட்கத்தான் போறேன். பிளாட்பாரத்துல ஜன்னல் ஜன்னலாப் பார்த்துக்கிட்டே போவேன். கேட்ல இருமல்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கு பாஸ் வாங்கிட்டு வந்திருக்கேன். நடிப்புதான். நிஜமாவும் இருமறேன், ஆனா கேட்ல இருமினது நடிப்பு. அவ முன்னாடி போய் நின்னு கேட்பேன், எதுக்குடி இப்படிப் பண்ணே, உன்னை யார் கேட்டான்னு. அவ என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியும், அவ குரல்தான் எனக்கு அத்துப்படி ஆச்சே. சொல்லிக் காட்டட்டா? 'கனி...'

இருங்க. மறுபடி சொல்றேன். 'கனி, சாப்பி...'

இன்னிக்கு வரலை. பஸ் சத்தத்துல வராது. என்னக்கா, நீங்க சிரிக்கவே மாட்டேங்கிறீங்க. கொடுவாய் தாண்டுறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்க. கண்ணுல தூசியா? ஜன்னலைச் சாத்திடட்டா?

முடிச்சா? இது ரொம்ப லேசான முடிச்சுக்கா. ஓடற மெஷின்ல போடறது, அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. ஒரு நுனியைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் அவிழ்ந்துடும். இழுக்கலை, அவ்வளவுதான். எதுக்கு இழுக்கணும், பஸ்ஸுல ஆளுங்க திரும்பிப் பார்ப்பாங்க.

கோவில்வழி வந்துடுச்சு. நேரம் என்ன? பன்னெண்டா? ஓடினா பிடிச்சுடலாம் இல்ல? பிடிச்சுடலாம்னு சொல்லுங்கக்கா. சரி, நான் இறங்கறேன். இந்தக் கூட்டத்துல எப்படிப் போறது, நீங்க பையை மட்டும் ஜன்னல் வழியா எடுத்துக் குடுங்க. நேராவெல்லாம் பிடிக்க வேண்டாம். எப்படி வேணும்னாலும் தூக்குங்க, சத்தம் வராது.